பாலையில் ஓர் ஏரி

மலையும் ஆறும் ஏரியும் காணச் செல்லுதல் இக்காலத்திற் பெருவழக்காகி விட்டது. விடுமுறை வந்ததும் பொழுதுபோக்கிடம் நாடிப் புறப்படாத குடும்பம் அரிது. நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் கடல் கடந்து வட அமெரிக்காவிலும் குடியேறி வாழ்கின்றனர். அவரைக் காணச் செல்லும் பெற்றோரும் உறவினரும் அந்நாட்டின் புகழ்பெற்ற இடங்களைக் கண்டு மீள்கின்றனர். ஓர் இடத்தைக் காண்பது வேறு. அறிந்து காண்பது வேறு. அறிந்து காண்பார்க்கு உதவும் பொருட்டும், மாணாக்கர் அறிவுக்கு விருந்தாகும் பொருட்டும், அத்தகைய இடமொன்றைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் யூற்றா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களிற் பரந்து கிடக்கும் கிளென் கனியன் தேசிய பொழுதுபோக்குப் பிரதேசமே அவ்விடம். ஆங்கு இன்பம் உண்டு, இழப்பும் உண்டு, உயிருக்கு இடரும் உண்டு. இம் மூன்றையும் ஒருங்கே அறிந்தவரே அவ்விடத்தை அறிந்தவராவர்.

கனியன் என்பது ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துட் புகுந்த சொல். பள்ளத்தாக்கு எனின், இருமருங்கும் சரிந்திறங்கும் அகன்ற நிலம் நம் மனக்கண்முன் தோன்றும். கணவாய் எனின், மலையைக் கடக்கும் வழியென்று கொள்வோம். கனியனோ இவ்விரண்டுமன்று. ஆறு தன் அடிநிலத்தை ஆழ அறுத்துச் செல்ல, இருபுறமும் பாறைகள் சுவரெடுத்தாற்போல் நிமிர்ந்து நிற்கும் இடமே அது. ஆற்றுக்குடைவு என்று அதனைத் தமிழில் வழங்குதல் சாலப் பொருந்தும்.

இக் குடைவு தோன்றிய வகையை முதலில் நோக்குவோம். ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகட்கு முன்னர் இந்நிலப்பரப்பு பெரியதொரு மணற்பாலையாக இருந்தது. காற்றுக் குவித்த மணன்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, காலம் செல்லச் செல்ல இறுகிக் கல்லாயின. நவஹோ மணற்கல் எனப் பெயர்பெற்ற அக் கல்லில், அன்று காற்று வரைந்த சாய்ந்த வரிகளை இன்றும் காணலாம். பின்னர் நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தது. உயர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி விரைந்த கொலறாடோ ஆறு, தான் சுமந்து சென்ற மணலையும் பரலையுமே வாளாகக் கொண்டு பாறையை அறுத்தது. மழை மிகுந்த நாடாயின் கரைகளும் உடனொத்துக் கரைந்து சரிவாகியிருக்கும். இதுவோ வறண்ட நிலம். ஆறு கீழ்நோக்கி அறுத்த அளவிற்குக் கரைகள் தேயவில்லை. அதனாலேயே செந்நிறப் பாறைச் சுவர்கள் இன்றுவரை செங்குத்தாக நிற்கின்றன. எப்போதாவது பெய்யும் பெருமழையின் வெள்ளம் பக்கங்களிலிருந்து பாய்ந்து வெட்டிய கிளைக் குடைவுகள் 90 இற்கு மேற்பட்டன. அவற்றுட் சில, ஒருவர் இரு கைகளையும் நீட்டினால் இருபுறச் சுவர்களையும் தொடத்தக்க அத்துணை ஒடுக்கமானவை.

வெள்ளையர் வருமுன்னரே தொல்குடி மக்கள் இக் குடைவுகளில் வாழ்ந்தனர். பாறை மறைவுகளில் அவர் எழுப்பிய சிறு குடியிருப்புகளும், பாறைமேற் செதுக்கிய உருவங்களும் அதற்குச் சான்றாகும். நவஹோ மக்கள் இன்றும் தென்கரைப் பெருநிலத்துக்கு உரியவராய் வாழ்கின்றனர். 1776 ஆம் ஆண்டு டொமிங்கெஸ், எஸ்கலாந்தே என்னும் ஸ்பானியப் பாதிரிமார் இருவர், வழிதேடி அலைந்து களைத்த நிலையில், இக் குடைவினுள் ஆழங்குறைந்த துறையொன்றைக் கண்டு ஆற்றைக் கடந்தனர். 1880 ஆம் ஆண்டு சனவரியில் மோர்மன் சமயத்தைச் சார்ந்த குடியேறிகள், பாறைப் பிளவொன்றை வெடிவைத்து அகலமாக்கித் தம் வண்டிகளைக் கயிறுகட்டி ஆற்றங்கரைக்கு இறக்கினர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லுதல் அத்துணை அருமையாக இருந்தது.

இவ் ஆற்றை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் ஜோன் வெஸ்லி பவல் என்னும் அறிஞர். உள்நாட்டுப் போரில் ஷைலோ என்னுமிடத்திலே 1862 ஆம் ஆண்டு வலக்கரத்தை இழந்தவர் அவர். ஒரு கையே உடையராயினும், 1869 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள் ஒன்பது துணைவருடன் நான்கு படகுகளிற் புறப்பட்டு, வயோமிங் மாநிலத்துக் கிறீன் ஆற்றின்வழியே கொலறாடோவை அடைந்தார். கொடிய நீரோட்டங்களைக் கடந்துவந்த அவருக்கு, இப்பகுதியில் ஆறு அமைதியாக ஓடியமை ஆறுதலளித்தது. பாறை மடிப்புகளிடையே ஊற்றும் பாசியும் மரநிழலும் கொண்ட தண்ணிய சோலைகள் பல இருந்தன. சிறு சோலைப் பள்ளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் அக் குடைவுக்குக் கிளென் கனியன் என்று பெயரிட்டவர் அவரே. இன்று அச் சோலைகளுட் பலவற்றை மூடி நிற்கும் ஏரிக்கு அவர் பெயரே இடப்பட்டிருப்பது வியப்புக்குரியது.

இனி ஏரி தோன்றிய வரலாற்றைக் காண்போம். கொலறாடோ ஆற்றின் நீரை ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ளும் உடன்படிக்கை 1922 ஆம் ஆண்டு நவம்பரில் எழுதப்பட்டது. மேல்வடிநிலம், கீழ்வடிநிலம் என இரண்டாகப் பகுத்து, லீஸ் பெரி என்னும் ஓடத்துறையை ஒட்டி எல்லை வகுத்தனர். மேல்வடிநிலத்தார் கீழ்வடிநிலத்தார்க்குக் கொடுக்கவேண்டிய நீரை மழை பொய்த்த ஆண்டிலும் தவறாது கொடுக்கவேண்டுமாயின், மழை மிகுந்த ஆண்டின் நீரைச் சேமித்து வைத்தல் வேண்டும். இத் தேவையே அணைக்கட்டுக்குக் காரணமாயிற்று.

முதலில் எக்கோ பார்க் என்னும் வேறோரிடத்தில் அணையொன்று கட்டத் திட்டமிட்டனர். அது தேசியப் பாதுகாப்பிற்கு உட்பட்ட நிலமாகையால் இயற்கைப் பற்றாளர் கிளர்ந்தெழுந்து தடுத்தனர். அவ்வணை கைவிடப்பட்டது. ஆயின், 1956 ஆம் ஆண்டு ஏப்பிரலில் நிறைவேறிய சட்டம் கிளென் கனியனில் அணைகட்ட வழிவகுத்தது. அவ்விடத்தைக் கண்டார் சிலரே. ஆதலின் அதற்காகப் பேசினாரும் சிலரே. அவ்வாண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஐசனோவர் வெள்ளை மாளிகையிலிருந்து தந்திச் சாவியை அழுத்த, கிளென் கனியனில் முதல் வெடி வெடித்தது.

வேலையாட்கள் தங்குவதற்காக 1957 ஆம் ஆண்டில் வெறும் மேட்டு நிலத்தில் பேஜ் என்னும் ஊர் எழுந்தது. குடைவின் குறுக்கே ஏறத்தாழ 700 அடி உயரத்திலே 1959 ஆம் ஆண்டு உருக்குப் பாலம் அமைந்தது. அதற்குமுன், கண்ணெதிரே தோன்றும் எதிர்க்கரையை வண்டியில் அடைவதற்கு ஏறக்குறைய 200 மைல் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. 1960 ஆம் ஆண்டு யூனில் தொடங்கி, மூன்றாண்டுக்கு மேலாக இரவு பகலாகக் கொங்கிறீற்று வார்த்தனர். அடிப்பாறையிலிருந்து 710 அடி உயரமும், உச்சியில் 1,560 அடி நீளமும் கொண்ட வில்வடிவான அணை எழுந்தது. வில்வடிவின் பயன் யாதெனின், நீரின் பெரும் அழுத்தத்தை அணை தான்மட்டும் தாங்காது, இருமருங்கிலுமுள்ள பாறைச் சுவர்கள்மேற் செலுத்தி விடுதலேயாம். 1963 ஆம் ஆண்டு மார்ச்சு 13 ஆம் நாள் நீர் தேங்கத் தொடங்கியது. முற்றும் நிரம்பியதோ 1980 ஆம் ஆண்டு யூன் 22 ஆம் நாள். ஓர் ஏரி நிரம்பப் பதினேழு ஆண்டுகள் சென்றன என்றால் அதன் பரப்பை ஒருவாறு உய்த்துணரலாம்.

நிரம்பிய நிலையில் அதன் நீளம் 186 மைல். கிளைக் குடைவுகள் யாவற்றினுள்ளும் நீர் நுழைந்து வளைந்து கிடப்பதால், கரையின் மொத்த நீளம் 1,960 மைல் எனக் கணித்தனர். ஒரு ஏக்கர் நிலத்தை ஓரடி ஆழத்துக்கு மூடும் நீரை ஏக்கர் அடி என்பர். நம் குளங்களின் கொள்ளளவையும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் அவ்வாறே அளப்பர். பவல் ஏரி முதலிற் கொண்ட கொள்ளளவு ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் ஏக்கர் அடியாகும். அணையின் அடியிலுள்ள எட்டு மின்னாக்கிகள் 1,320 மெகாவாற்று வரை மின்வலு ஆக்க வல்லன.

இனி இழப்பைக் கூறுவோம். நீர் ஏறுமுன்னர் யூற்றாப் பல்கலைக்கழகத்தாரும் வட அரிசோனா நூதனசாலையாரும் விரைந்து சென்று, தொல்குடியினரின் இருப்பிடங்களைப் பதிவு செய்தனர்; இயன்ற பொருள்களை எடுத்தனர். எஞ்சியவை நீரிலாழ்ந்தன. பவல் தம் துணைவருடன் தங்கிப் பாட்டொலி கேட்டு மகிழ்ந்து இசைக் கோயில் எனப் பெயரிட்ட பாறை மண்டபமும் ஆழ்ந்தது. எக்கோ பார்க்கைக் காப்பாற்றப் போராடிய சியரா கழகத்தின் தலைவர்களுள் ஒருவரான டேவிட் புறோவர், கிளென் கனியனைக் காக்கத் தவறியமையை வாழ்நாளெல்லாம் எண்ணி வருந்தினார். எலியட் போட்டர் எடுத்த நிழற்படங்களுடன் 1963 ஆம் ஆண்டு அக் கழகம் வெளியிட்ட நூலுக்கு, எவரும் அறியாத இடம் என்னும் பொருள்படத் தலைப்பிட்டனர். அறியப்படாத பொருளுக்காக வாதாடுவார் இலர் என்பதே அத் தலைப்பின் உட்பொருள்.

எனினும் மறுபக்கத்தையும் நடுநிலை பிறழாது நோக்குதல் வேண்டும். முன்பு சிலரே துணிந்து சென்ற இடத்துக்கு, இன்று முதியோரும் குழந்தைகளும் செல்கின்றனர். 1972 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆம் நாள் சட்டத்தால் நிறுவப்பட்ட இப் பொழுதுபோக்குப் பிரதேசம் பன்னிரண்டரை இலட்சம் ஏக்கர் பரப்புடையது. அதில் ஏரி கொள்ளும் இடம் நிரம்பிய காலத்தும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று பங்கே. ஏனையது பாறையும் பாலையுமாம். ஆங்கு வீடுபோல் அமைந்த படகுகளிற் பல நாள் தங்குவோர் உளர். துடுப்பு வலித்து ஒடுங்கிய கிளைக் குடைவுகளினுள் மெல்லச் செல்வோர் உளர். தூண்டிலிடுவோரும், நீந்துவோரும், மணற்கரையிற் கூடாரமடித்து விண்மீன் எண்ணுவோரும் உளர். நகர விளக்குகள் அணித்தே இல்லாமையால், ஆங்குத் தோன்றும் வான்காட்சி பெருநகரில் வாழ்வார்க்குக் கிட்டாதது.

காணத்தக்கவற்றுள் தலையாயது வானவிற் பாலம். நீர் குடைந்த மணற்கல் வளைவு அது. உயரம் 290 அடி. 1910 ஆம் ஆண்டிலேயே தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. படகிற் சென்று, பின் நடந்து அதனைக் காணலாம். நவஹோ மக்கட்கும் அயலிலுள்ள பிற தொல்குடியினர்க்கும் அது புனிதமான இடம். ஆதலின் வளைவின் கீழ்ச் செல்லற்க என்று வருவோரை வேண்டுகின்றனர். கோயில் வாயிலிற் பாதரட்சையைக் கழற்றி நிற்கும் மரபிற் பிறந்த நமக்கு இவ்வேண்டுகோளின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. அணைக்குக் கீழே, ஆறு குதிரை இலாடம்போல் வளைந்தோடும் காட்சியை ஏறத்தாழ 1,000 அடி உயரப் பாறை விளிம்பினின்று காணலாம். லீஸ் பெரி வரையுள்ள தெளிந்த நீர் மீன்பிடிப்போர் விரும்பும் இடமாம்.

இன்பத்தைக் கூறினோம், இடரைக் கூறாதொழிதல் ஆசிரியர்க்கு அழகன்று. முதலாவது இடர் திடீர் வெள்ளம். 1997 ஆம் ஆண்டு ஆகத்து 12 ஆம் நாள், பிரதேசத்தை அடுத்து நவஹோ நிலத்திலுள்ள அன்ரிலோப் குடைவினுள் நின்ற பயணிகள் பதினொருவர் வெள்ளத்தால் மாண்டனர். அவர் நின்ற இடத்திற் பெருமழை இல்லை. பல மைலுக்கு அப்பாற் கொட்டிய மழையே ஒடுங்கிய குடைவினுட் சுவர்போல் எழுந்து வந்தது. இதற்குக் காரணம் எளிது. வெறும் பாறை நிலம் நீரை உறிஞ்சாது, பெய்ததெல்லாம் ஓடும், ஓடுவதெல்லாம் ஒடுங்கிய வழியிற் கூடும், வழி ஒடுங்க ஒடுங்க நீர் உயரும். தலைக்குமேல் வானம் நீலமாயிருத்தல் காப்பாகாது. அன்றைய வானிலை அறிவிப்பைக் கேட்டறிந்த பின்னரே ஒடுங்கிய குடைவினுட் புகுதல் வேண்டும்; மேற்றிசையிலோ தொலைவிலோ இடிமுகில் காணின் புகாதிருத்தல் வேண்டும். அன்ரிலோப் குடைவுக்கு நவஹோ வழிகாட்டியின் துணையுடனேயே செல்ல இயலும்.

இரண்டாவது இடர் கண்ணுக்குத் தோன்றாதது. வீட்டுப்படகின் மின்னாக்கி வெளிவிடும் புகையிற் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நீராடுவோர் ஏறியிறங்கும் பின்தட்டின் கீழ் அது தேங்கி நின்று, சில நொடியில் மயக்கமூட்டி, நீந்துபவரை நீரில் அமிழ்த்திவிடும். இவ் ஏரியில் 2000 ஆம் ஆண்டில் நிகழ்ந்த மரணங்களின்பின் அரசாங்க ஆய்வாளர் அளந்து நோக்கி, உயிர்கொல்லும் அளவில் அவ்வாயு அவ்விடத்துச் சேர்வதைக் கண்டனர். இயந்திரம் ஓடும்போது படகின் பின்புறத்தே நீந்தலாகாது என்னும் விதி இதனால் எழுந்தது.

மூன்றாவது இடர் நாமே தேடிக்கொள்வது. உயரப் பாறையினின்று நீரிற் குதித்தலும், மிதவை அங்கியின்றி ஆழநீரில் இறங்குதலும், கோடை வெயில் 38 பாகை செல்சியசைக் கடக்கும் நிலத்திற் போதிய குடிநீரின்றி நடத்தலும் இவ்வகையின. பாறைக் கரை செங்குத்தாகையால், நீரில் விழுந்தவர் பற்றி ஏறுதற்கு இடமிராது. நீந்தத் தெரியும் என்னும் செருக்கே ஆழநீரிற் பலரை மாய்த்தது. நம் நாட்டிற் சுற்றுலாச் செல்லும் மாணாக்கரும் ஆண்டுதோறும் நீர்நிலைகளில் உயிரிழக்கின்றனராதலின், இதனை அழுத்திக் கூறுகின்றோம்.

ஒருவர் செய்யும் சிறு கவனக்குறைவு ஏரி முழுவதையும் கெடுத்தலும் உண்டு. குவாகா என்னும் சிறு மட்டி இவ் ஏரிக்கு உரியதன்று. வேறு நீர்நிலைகளிலிருந்து படகுகளில் ஒட்டி வந்த அம் மட்டி 2013 ஆம் ஆண்டளவில் இங்கு நிலைகொண்டது. குழாய்களை அடைத்தும், இயந்திரங்களைக் கெடுத்தும், பிற உயிர்களின் உணவைக் கவர்ந்தும் அது பரவுகின்றது. ஆகவே ஏரியை விட்டு நீங்கும் படகு ஒவ்வொன்றையும் கழுவி, நீர் வடித்து, உலர்த்தல் வேண்டும் என்பது கட்டளை.

கட்டிய அணையும் என்றும் ஒரே நிலையில் நின்றதன்று. 1983 ஆம் ஆண்டு பனி பெருகி உருகிப் பெருவெள்ளம் வந்தபோது, நீர் வழியும் சுரங்கங்களின் சீமெந்துப் பூச்சுப் பெயர்ந்து பாறையே குடையப்பட்டது. வாயில்களின்மேல் மரப்பலகைகளைப் பொருத்தி நீரை மறித்து, ஒருவாறு இடர் நீக்கினர். அதன்பின் வந்ததோ நேர்மாறான துன்பம். 2000 ஆம் ஆண்டு முதல் நீண்ட வரட்சி நிலவியது. ஆற்று நீரை நம்பி வாழ்வோர் நான்கு கோடி மக்கள். வருவதினும் எடுப்பது மிகுந்தது. 3,700 அடி என்னும் நிறைமட்டத்தினின்று குறைந்து குறைந்து, 2023 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஏறத்தாழ 3,520 அடிக்கு நீர்மட்டம் தாழ்ந்தது. நிரம்பிய நாளின்பின் அத்துணைத் தாழ்வை அதற்குமுன் கண்டதில்லை. 3,490 அடிக்குக் கீழாயின் மின்னாக்கிகளை இயக்கல் இயலாது. 2021 ஆம் ஆண்டிலேயே படகு இறக்கும் சரிவுகள் பல நீரை எட்டாது வறிதே நின்றன.

நீர் இறங்கவே, மறைந்தவை வெளிப்பட்டன. பாலையின் பேராலயம் எனப்படும் பாறை மண்டபம் 2005 ஆம் ஆண்டிலும், பின்னர் 2021 ஆம் ஆண்டளவிலும் தோன்றியது. கிளைக் குடைவுகளில் ஊற்றுகள் மீண்டும் ஓடின. வில்லோ மரக்கன்றுகள் தாமே முளைத்தன. வெண்ணிறப் படிவு சுவர்களில் நீர் நின்ற எல்லையை வரம்பிட்டுக் காட்டுகின்றது. ஆயின் இறங்கிய நீர் கேடும் விளைத்தது. ஆழத்துக் குளிர்நீருக்குப் பதிலாக மேற்பரப்பின் வெதுநீர் அணைவாயில் வழியே சென்றமையால், ஏரியில் வாழ்ந்த அயல்மீன்கள் கீழாற்றிற் புகுந்து பெருகியமை 2022 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஆற்றுக்கே உரிய அருமீன்களுக்கு அவை பகையாம். 2024 ஆம் ஆண்டு ஆகத்து 8 ஆம் நாள், இரட்டை வளைவு எனப் புகழ்பெற்ற பாறை வளைவொன்று இடிந்து விழுந்தது. மாறிமாறி ஏறியிறங்கும் நீரும் அலையும் அதனை அரித்திருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினர்.

நம் நாட்டிலும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய மஸ்கெலியா நகர் அமிழ்ந்து கிடக்கின்றது. நீர் வற்றுங்காலத்துப் பழைய வழிபாட்டிடங்கள் தலைகாட்ட, மக்கள் சென்று கண்டு உருகி மீள்கின்றனர். அணையால் விளக்கு எரிகின்றது, வயல் விளைகின்றது. அதன் பொருட்டு இழந்தவர் நினைவும் நீரடியில் வாழ்கின்றது. இரண்டும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது கல்வியாகாது.

பவல் ஏரியை வற்றவிட்டுக் குடைவை மீட்கவேண்டும் என்பாரும், மழை மிகும் நாளுக்காக ஏரியைக் காக்கவேண்டும் என்பாரும் அந்நாட்டில் வாதிடுகின்றனர். தீர்ப்பளித்தல் நம் கடனன்று. ஆயினும் இவ்வரலாறு நமக்குணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. ஒரு நிலத்தைப் பற்றி முடிவு செய்யுமுன் அதனைச் சென்று கண்டு, ஆண்டு வாழ்வாரைக் கேட்டு, அளந்து எழுதி வைத்தல் வேண்டும். கிளென் கனியனுக்கு அச் சிறப்புக் காலந்தாழ்த்தியே கிடைத்தது. நம் ஊர்க் குளங்களும் ஓடைகளும் கடலேரிகளும் இன்னும் கண்முன்னே உள்ளன. அவற்றின் பெயரும் எல்லையும் பறவையும் மீனும் அறிந்த முதியோரும் நம்மிடை உளர்.

மாணாக்கர் அவரை அணுகிக் கேட்டு எழுதுவாராக. பழைய மாணவர் தம் ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்று அதன் வரலாற்றைக் கூறுவாராக. கடல் கடந்து பெரிய ஏரிகளைக் காணும் வாய்ப்புப் பெற்றோர், படகின் அங்கியை அணிந்து, வானத்தை நோக்கி, அம் மண்ணுக்குரிய மக்களின் சொல்லுக்கு மதிப்பளித்துக் கண்டு மகிழ்வாராக. அவ்வாறு கண்டவற்றை இம் மலரின் அடுத்த இதழ்களில் எழுதி நமக்கும் அறியத் தருவாராயின், அக் காட்சியின் பயன் அவரோடு நில்லாது அனைவர்க்கும் உரியதாகும்.